நான்கு தட்டு

லிங்கன்ஷரின் சதுப்புக் கரையில்
'விலாங்கும் வாளியும்' என்றொரு மதுக்கடை.
செவ்வாய் இரவுகளில்
மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாடுகிறார்கள்.
மேடை இல்லை. மைக் இல்லை.
வில்ஃப் ஸ்கிரிம்ஷா சர்க்கரைக்கிழங்கு லாரி ஓட்டுகிறவர்.
ஹெஸ்டர் கோப்பிள்டைக்
பல் ஆஸ்பத்திரியில் உதவியாள்.
கன்செர்ட்டினா வாசித்தவனின் பெயர் கேட்க மறந்துவிட்டேன்;
ஈர ரப்பர் பூட்ஸுக்குள்
தாளம் போட்ட அவன் கால் மட்டும் நினைவிருக்கிறது.

பாட்டு ஜாப் மார்ஃப்லீட் என்பவனைப் பற்றியது.
ஊருக்குப் பொதுவாகக் கிடந்த புல்வெளி.
யார் பசுவென்று புல் கேட்டதில்லை.
ஒருநாள் லண்டனிலிருந்து காகிதம் வந்தது,
காகிதத்தின் பின்னால் கம்புகள்,
கம்புகளை ஒட்டி முள்கன்றுகள்.
இரவில் போய் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான் ஜாப்.
விடிந்ததும் திரும்ப நட்டார்கள்.
பிடுங்கினான். நட்டார்கள்.
பிறகு அவனையே பிடுங்கிக் கப்பலில் ஏற்றினார்கள்.

'ஏழு ஏக்கர் போச்சு, ஏழு ஏக்கர் போச்சு,
நாங்கள் பூட்ஸ் கயிறு கட்டி நிமிர்வதற்குள்'
என்று எல்லாரும் சேர்ந்து எடுக்கும் இடத்தில்
கண்ணாடிக் குவளைகள் அதிரும்.

என் மொழியில் வேலி என்றால் அடைப்பு.
வேலி என்றால் ஒரு நில அளவும்தான்,
ஏழு ஏக்கருக்குச் சற்றே குறைய.
அளந்தவனும் அடைத்தவனும் ஒரே ஆள் என்று
எங்களவர்கள் எப்போதோ கண்டுபிடித்திருக்க வேண்டும்.
சொல்லலாமா என்று யோசித்து
பீரைக் குடித்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் ப்ரூடென்ஸ் வேக்
ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு நகல் கொண்டுவந்தாள்.
ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றேழின் வரைபடம்.
ஈரமில்லாத மேசை தேடி விரித்தாள்.
"பதினொன்று," என்றாள்.
"ஏழு இல்லை. பதினொன்று."

யாரோ ஒருவர் கையில்
சிப்ஸ் பொட்டலம் நொறுங்கும் சத்தம்.

அவர்கள் மொழியில்
ஏழைவிடப் பதினொன்றுக்கு ஓர் அசை கூடுதல்.
பாடிப் பார்த்தார்கள்.
தளை தட்டியது.
கன்செர்ட்டினா பாதி மூச்சில் நின்றது.
வில்ஃபுக்குச் சிரிப்பு வந்துவிட்டது:
"வாய்க்குள்ள நுழைய மாட்டேங்குது."

"அப்போ பாட்டும்
நாலு ஏக்கரை வளைச்சுப் போட்டிருக்கு," என்றாள் ப்ரூடென்ஸ்,
"மெட்டுக்காக."

சண்டை வந்தது.
பாட்டு என்ன கோர்ட்டுப் பத்திரமா என்றார் ஒருவர்.
வேற சாட்சி யார் இருக்கா என்றாள் அவள்.
அந்த வருஷம் நாலு ஏக்கர்
வெள்ளத்துக்கு அடியில் கிடந்திருக்கும்,
பார்த்ததைத்தானே எண்ணுவான் ஜாப்
என்றது கதவருகிலிருந்து ஒரு குரல்.
இருக்கலாம்.
வரைபடத்தில் வெள்ளம் இல்லை.
வரைபடத்தில் ஜாப்பும் இல்லை.

ஹெஸ்டர்தான் சொன்னாள்,
மேல்கோட்டின் ஒரு கைக்குள் கைவிட்டுக்கொண்டே:
"ஏழுன்னே பாடுவோம்.
அடி முடிஞ்சதும்
நாலு தட்டு சும்மா இருப்போம்.
ஏக்கருக்கு ஒண்ணு."

இப்போது அப்படித்தான்.
புதிதாக வருகிறவர்கள்
பாட்டு மறந்துபோச்சு போல என்று நினைத்து
அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கிறார்கள்.
யாரும் வாங்கிக்கொள்வதில்லை.

மூன்றாம் தட்டில் ஜன்னல் லேசாக நடுங்குகிறது.
வெளியே,
அந்தப் புல்வெளி மேல் போட்ட சாலையில்
யாரோ இருட்டில் கிழங்கு ஏற்றிப் போகிறார்கள்.