வில்லங்கம் இல்லை

புரோக்கர் சுகுணன் சொன்னது இவ்வளவுதான்:
ஆணி எல்லாம் பிடுங்கணும்,
குளிமுறிச் சுவரில பூப்பு தெரியப்பிடாது,
வாறவிய உள்ள நுழையும்போ
ஆரும் இஞ்ச வாழ்ந்த மாதிரி இருக்கப்பிடாது.

ஏழரை சென்ட்.
படந்தாலுமூட்டில் இறங்கி உள்ளே திரும்பினால்
ரப்பர் ஷீட் காயப்போட்ட காம்பவுண்டுக்கு அடுத்த கேட்.
களியக்காவிளை செக்போஸ்ட்டில் லாரிகள் தேங்கினால்
ஹாரன் அடுக்களை வரைக்கும் கேட்கும்.
முப்பது வருடத்துக்கு வில்லங்கம் இல்லை என்று
குழித்துறை ஆபீஸில் முத்திரை வைத்துத் தந்துவிட்டார்கள்.
பிரமாணத்தில் இரண்டு பெயர்:
எட்வின் ஞானதாஸ், றோஸ்லெட் பாய்.
அதனால் இரண்டு பேரும் வந்திருக்கிறோம்,
கோர்ட் எங்களைப் பிரித்த பதினாலாவது மாதத்தில்,
ஒரே பக்கெட்டில் பிரஷ் முக்க.

அவன் நெய்யாற்றின்கரையிலிருந்து கேரள பஸ்ஸில் வருகிறான்.
முதல் நாள் ஒரு புரோட்டாப் பொட்டலம் கொண்டுவந்தான்.
இரண்டாம் நாள் இரண்டு.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

நாற்பத்தி மூன்று ஆணி.
ஹாலில், ஜன்னலுக்கு மேலே, ஒன்றில்
என்ன தொங்கியது என்று இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை.
கலண்டர் என்றான். கலண்டருக்கு இவ்வளவு உயரமா என்றேன்.
பத்து நிமிடம் பேசினோம்,
சண்டை இல்லாமல்.

குளிமுறிப் பூப்பு இடவப்பாதி மழைக்குத்தான் கிளம்பும்.
இப்போது மீனம்.
மேடத்துக்குள்ள முடிச்சிரலாம் என்கிறான் சுகுணன்,
வெள்ளை அடித்த சுவரைத் தடவிக்கொண்டே,
பசுவை விற்கிறவன் போல.

அப்புறம் படுக்கையறைக் கதவு.
வாசலில் ஆஞ்சிலி போட்டோம், பணம் அதோடு தீர்ந்தது,
உள்ளே பிளைவுட்.
முழங்கால் உயரத்தில் ஒரு ஓட்டை,
கை விட்டால் மறுபக்கம் விரல் தெரியும்.
இரண்டு சாயங்காலம் அதன் முன்னால் சம்மணமிட்டு
மக்கு வைத்தான், காயவிட்டான், உப்புத்தாள் போட்டான்,
மறுபடி வைத்தான்.
அந்த வீட்டில் அவன் முழுசாகச் செய்துமுடித்த வேலை
அநேகமாக அதுதான்.
பெயிண்ட் காய்ந்தபிறகு நானே தேடினேன்.
கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார்கள்.
குவைத்தில் நர்ஸ், ஷைஜி என்று பேர்,
கூட அவள் அண்ணன்.
கொள்ளாம் கொள்ளாம் என்று குழாயைத் திறந்தாள்,
கிணற்றில் கல் போட்டுப் பார்த்தாள்.
படுக்கையறைக் கதவில் மட்டும் நின்று,
நோயாளி நெஞ்சைத் தட்டுவதுபோல
மடக்கிய விரலால் தட்டிக்கொண்டே கீழே வந்தாள்.
டொக், டொக், டொக்,
பிறகு சத்தம் இல்லாத ஓரிடம்.

இவிடே எந்தா?

யாரும் பேசவில்லை.
அவள் கண் நேராக எட்வினிடம் போனது.
அண்ணன் கண்ணும். சுகுணன் கண்ணும்.
கதவை உதைக்கிற ஆணைப் பார்க்கிற பார்வை,
எங்கள் சபையில் மூன்று வருடமாக எல்லோரும்
அவனைப் பார்த்த அதே பார்வை.
அவன் பழகியவன்போல
தரையில் சிந்திய பெயிண்ட்டை நகத்தால் சுரண்டினான்.

நான்தான், என்றேன்.
நான் உதைச்சது. வெளியே நின்னு.
உள்ள இவன் தாழ்ப்பாள் போட்டிருந்தான்.

சுகுணன் இருமினான்.
ஷைஜி என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்,
செருப்புவரை.
அப்புறம், புது டோருக்கு ஐயாயிரம் குறைக்கணும் என்றாள்.
குறைத்தோம்.
குளிமுறியைப் பற்றியும் வாய்வரை வந்தது.
சொல்லவில்லை.

அவர்கள் போனபின் எட்வின்
மண்ணெண்ணெயில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தான்.
அது எனக்க பேரிலேயே கிடந்திருக்கலாமே, என்றான்,
திரும்பாமல்.

கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கணக்கு முடித்தோம்.
பெயிண்ட், மக்கு, உப்புத்தாள், சுகுணனுக்கு அட்வான்ஸ்:
ஆளுக்குப் பாதி.
புரோட்டாவை
அவனும் எழுதவில்லை, நானும்.