நூற்றுக்குக் கால்

மூன்று கடனட்டைப் படங்கள் மேசையில்,
சீட்டாட்டத்தில் இறக்கியதுபோல்.
ஒன்றில் கழுதை, இமைமயிர் எண்ணலாம்.
ஒன்றில் மெழுகுவர்த்தி; அது சாகக் கிடப்பவர்களின் இல்லத்துக்கு.
மூன்றாவதில் ஆரஞ்சு நிற மீட்புப் படகு,
அலையின் பிடரியில் ஏறி.

மூன்றும் ஒரே வங்கி என்று
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொடி எழுத்தை
மூக்கால் உழுது கண்டுபிடித்தவன் இட்வல்.
நூறு பவுண்டு செலவழித்தால்
கால் பவுண்டு தர்மம்.
வட்டி நூற்றுக்கு இருபத்து நாலு.
கடைத் தேங்காயை வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதை
வேல்ஸ் மொழியில் எப்படிச் சொல்வார்களோ,
அதைச் சொன்னான்.

"வட்டி குறைந்த சாதா அட்டையை எடு.
வருஷத்துக்குப் பத்து பவுண்டை
நாமே உண்டியலில் போடுவோம்."

எலூனெட் கெட்டிலை நிறுத்தினாள்.
"போட மாட்டோம்."

முப்பத்தோரு வருஷம் கூட இருந்தவன்.
மறுக்க வாயெடுத்து
ரொட்டியைக் கடித்துக்கொண்டான்.

கழுதையைத்தான் அவளுக்குப் பிடித்திருந்தது.
கல்லாவில் நீட்டினால் பெண்கள் சிரிப்பார்கள்.
மெழுகுவர்த்தி வேண்டாம்,
பால் வாங்கும்போதெல்லாம் அதை யார் பார்ப்பது.
ஜன்னலுக்கு வெளியே பார்மத் துறைமுகம்,
சேறு, மழை, கட்டிப்போட்ட படகுகள்.
"இது," என்று விரல் வைத்தாள்.

முதல் மாதம்:
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவனின் சொந்தக் காருக்கு இரண்டு டயர்,
நாய் மோஸுக்குப் பல் பிடுங்கியது,
டீசல், மாவு, ஒரு பிறந்தநாள் கேக்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு.
படகுக்கு எழுபத்தெட்டு பென்ஸ்.

அக்டோபரில் ஓர் இரவு
டிராக்டர் மணலில் இறங்கும் உறுமல்.
பாய்மரம் முறிந்த யாரோ இருவர், இருட்டுக்குள்.
போர்வையோடு ஜன்னலில் நின்றாள் எலூனெட்.
"அந்த டிராக்டரில் ஒரு சொட்டு
நம் மோஸின் பல்."
கட்டிலிலிருந்து பதில் இல்லை.
தூங்கவும் இல்லை அவன்.
விடியும் முன் படகு திரும்பியது, இருவரோடும்.
அவர்கள் பெயரைக் கடைசிவரை யாரும் இவளிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் கோட்டு.
பச்சை, கம்பளி, நூற்று நாற்பது பவுண்டு.
இருக்கிற கோட்டுக்கு என்ன குறை என்று கேட்டான்.
"முப்பத்தைந்து பென்ஸ் படகுக்குப் போகிறது," என்றாள்
முகம் மாறாமல்.
பிறகு ஒரு விளக்கு. பிறகு தங்கைக்கு விமான டிக்கெட்.
ஈகைக்கு ருசி உண்டு;
நாக்கில் பட்டால் இன்னொரு கரண்டி கேட்கும்.

ஜனவரியில் உறை வந்தது.
இட்வல் வாசிக்கவில்லை, அவளிடம் தள்ளினான்.
ஐந்து மாதம், ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
படகுக்கு நாலே முக்கால் பவுண்டு.
இந்த ஒரு மாத வட்டி மட்டும் முப்பத்தெட்டு.

அவள் கணக்குப் போட்டதை அவன் பார்த்தான்.
தாளின் ஓரத்தில், பென்சிலில்,
வகுத்து, மறுபடி வகுத்து.
சொல்லிக்காட்ட நல்ல சமயம்.
எழுந்துபோய் நாய்க்குத் தண்ணீர் வைத்தான்.

கத்திரிக்கோல் இரண்டாவது டிராயரில்.
எண்ணின் குறுக்கே வெட்டினாள், சிப்பின் குறுக்கே,
பெயரின் குறுக்கே.
படகு வந்ததும் கத்திரி வளைந்தது,
அலையைச் சுற்றி, கொடியைச் சுற்றி,
குழந்தைகள் காகிதம் வெட்டுவதுபோல் நாக்கைக் கடித்துக்கொண்டு.
குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழே
கட்டை விரல் அகலப் படகு இப்போது.

கடனை அடைக்க இன்னும் பதினான்கு தவணை.
ஜன்னல் விளிம்பில் ஊறுகாய் ஜாடி ஒன்று,
கழுவியும் வினிகர் வாசம் போகவில்லை.
போடுவோம் என்றவன் போடுகிறானா என்று
ஞாயிற்றுக்கிழமை கவிழ்த்துப் பார்த்தாள்:
மூன்று பவுண்டு,
ஒரு பச்சைப் பொத்தான்.