உள்பை

களியக்காவிளைச் சந்தைக்குப் பின்னால்
மீன்வண்டி நிற்கிற இடத்தில் என் தையல் மிஷின்.
இந்த மாதம் பிளவுஸ் கிடையாது என்று
எழுதி ஒட்டிவிட்டேன்.
பங்கிலிருந்து நாற்பத்திரண்டு பேர் ரோமாபுரி போகிறார்கள்.
முப்பத்தொரு உள்பாவாடை, பதினொரு பனியன்,
எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு பை.

நெய்யாற்றின்கரை ஏஜென்ட் ஷிபு
மூன்று மணி நேரம் வகுப்பெடுத்தானாம்.
அளவு கொடுக்க வந்த பிரகாசி டீச்சர்
நோட்டைத் திறந்து எனக்கும் வாசித்தாள்:
தோளில் ஐஸ்கிரீமைக் கொட்டிவிட்டுத்
துடைக்க வருகிறவனை நம்பாதே.
கயிறு கட்ட வருகிறவனிடம் கையை நீட்டாதே.
கீழே கிடக்கும் மோதிரம் உன்னுடையதா என்றால்
உன்னுடையதில்லை.
பஸ்ஸில் ஜெபமாலையைப் பிடிக்காதே, பையைப் பிடி.
தெருவில் குடை விற்கிறவர்களோடு பேச்சே வேண்டாம்.

"அப்போ அங்க யார்கிட்டதான் பேசுவீங்க?"
"ஷிபுகிட்ட."

என்னையும் ஒருமுறை அறுத்திருக்கிறார்கள்,
தம்பானூரில் பஸ் ஏறும் நெரிசலில்.
பிளேடு போட்டது தெரியாமல்
பாறசாலை வரை தூங்கி வந்தேன்.
பையின் வாய் பூட்டியபடியே இருந்தது,
வயிறுதான் திறந்து கிடந்தது.
துணிக்கு எந்தப் பக்கம் பலவீனம் என்று
அன்றைக்குப் படித்தேன்.

ஐந்துக்கு மூன்றரை அங்குலம்.
எனக்குப் பாஸ்போர்ட் இல்லை.
இங்கே நாலு எட்டு வைத்தால் அடுத்த மாநிலம்,
டீயின் ருசிதான் கொஞ்சம் மாறும்.
ஷிபுவுடையதை வாங்கி
ஒரு கல்யாணக் கார்டில் வைத்து வரைந்து வெட்டினேன்.
மணப்பெண் பெயரில் பாதி போயிற்று.

இடது தொடைக்கு மேலே, இரட்டைத் தையல்,
சிப், சிப்புக்கு மேல் மடிப்பு, மடிப்புக்கு ஊக்கு.
"திருடன் இனி உங்களையே தூக்கிட்டுப் போனால்தான் உண்டு, டீச்சர்."

பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தார்கள்.
ஒரு பாஸ்போர்ட் தொலையவில்லை.
டீச்சர் எனக்கு ஒரு ஜெபமாலை தந்துவிட்டு
ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.
நிறுத்த வெகுநேரமாயிற்று.

ஒரு நீரூற்றுப் பக்கம் கூட்டம் அவளை விட்டுப் போய்விட்டதாம்.
ஓட்டல் பெயர் எழுதிய சீட்டு உள்பையில்.
போனும் உள்பையில்.
போலீஸ்காரன் முன்னால் சேலையைத் தூக்க முடியுமா?
கழிப்பறையைத் தேடிக் கண்டுபிடித்தால்
ஒரு யூரோ போட்டால்தான் கதவு.
யூரோவும் உள்பையில்.

மழை தூறத் தொடங்கியது.
குடை விற்கிற பையன் ஒருவன்
அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.
இவள் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்தாள்,
கைப்பையை நெஞ்சோடு அணைத்தாள்.
அதில் இருந்தது ஒரு சீப்பும் முறுக்கும்.

அவன் ஒன்றும் கேட்கவில்லை.
வந்தான், ஓட்டையில் நாணயம் போட்டான்,
திறந்த கதவைக் கையால் காட்டிவிட்டு
குடைகளோடு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

வெளியே வந்தபோது மழை வலுத்து
அவனைச் சுற்றி ஒரே கூட்டம்.
கூட்டத்துக்குள் நுழையாதே என்று
நோட்டில் எழுதியிருந்தது.
இவள் நுழையவில்லை.

இதைச் சொல்லும்போது டீச்சர் சிரிக்கவில்லை.
"ஒரு யூரோ எவ்வளவு வரும் தெரியுமா?" என்றாள்.
தெரியாது என்றேன்.
அவளும் சொல்லாமல் எழுந்து போனாள்.

மே மாதம் லூர்துக்கு இன்னொரு கூட்டம்.
கல்யாணக் கார்டு பத்திரமாக இருக்கிறது.
இந்தத் தடவை உள்பையோடு
பிளவுஸ் கைமடிப்பிலும் ஒன்று வைக்கிறேன்,
இரண்டு விரல் நுழையும் அளவு.
சிப் இல்லை, ஊக்கு இல்லை.

"இதில போட்டா எவனாவது எடுத்திருவானே?"

எடுப்பான், ஒரு யூரோதானே,
போட்டு வையுங்க என்கிறேன்.