இருபது இலக்கம்

ஒச்சோலாவுக்கு இப்போது மஞ்சள் ஹெல்மெட்.
மின்சாரக் கம்பெனியின் பெயர் போட்ட சட்டை.
ஏணியும் அவர்களுடையதுதான்.

முகூருவில் இந்தத் தகர அறைகளுக்கெல்லாம்
கம்பி இழுத்தவன் அவன்,
நடுராத்திரியில், ரப்பர் செருப்பை மட்டும் நம்பி.
பல்புக்கு மாதம் முந்நூறு ஷில்லிங்.
டி.வி. என்றால் மேலே ஒரு நூறு.
இஸ்திரிப்பெட்டியை மட்டும் யாரும் மறைக்க முடியாது:
ஒருவர் சட்டை தேய்த்தால்
சந்து முழுக்க வெளிச்சம் மஞ்சளாகிச் சோர்ந்துவிடும்.
"கெமுன்ட்டோவுக்கு நாளைக்கு இன்டர்வியூ போல" என்போம்.
என் சலூனில் பாதி உலர்ந்த தலையோடு
பெண்கள் காத்திருப்பார்கள்,
அந்தச் சட்டையின் காலர் முடியும்வரை.

ஏப்ரல் மழையில்
நனைந்த தகரத்தில் கைவைத்தான் அவூரின் மகன்.
ஏழு வயது.
அதன்பிறகு அந்த வீட்டில் ஒச்சோலா காசு வாங்கவில்லை.
அவள் விளக்குப் போடவுமில்லை.
இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது கதவுக்குக் கதவு ஒரு சின்னப் பெட்டி.
போனில் பணம் கட்டினால் இருபது இலக்கம் வரும்,
பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டும்.
பதினேழாவதில் எனக்கு எப்போதும் தவறும்.
ஆனால் வெளிச்சம் நல்ல வெளிச்சம்.
சுவரைத் தொடப் பயமில்லை.
டிரையர் ஒரே மூச்சில் ஓடுகிறது,
தலைக்கு இருபது நிமிடம் மிச்சம்.

முன்பு இருட்டு வந்தால் மொத்தமாக வரும்.
"ஏய் ஒச்சோலா!" என்று
நாற்பது வாய் ஒரே சமயத்தில் கத்தும்.
இப்போது அது
வீட்டு எண் பார்த்து வருகிறது.
யாரும் கத்துவதில்லை.
திரையை இழுத்துவிட்டு
சீக்கிரம் தூங்கிவிட்டதாகக் காட்டிக்கொள்கிறார்கள்.

இன்று பழைய கம்பிகளை வெட்ட வந்தான்.
எது எந்தக் கூரைக்கடியில் நுழைந்து
எங்கே தலைகாட்டும் என்று
வேறொருவனுக்குத் தெரியாது.
வேலை கொடுத்ததே அதற்காகத்தான்.
தான் போட்ட முடிச்சைத் தானே
பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தான்.
அவூரின் வாசலுக்கு மேலே மட்டும்
வெட்டவில்லை;
மெதுவாகக் கையில் சுற்றி
சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் கடைக்கு வந்தான்,
ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
"நெக்கேசா, போனைக் கொஞ்சம் சார்ஜில் போடட்டுமா?
வீட்டில் யூனிட் தீர்ந்துவிட்டது.
சம்பளம் வெள்ளிக்கிழமைதான்."

பத்து ஷில்லிங், என்றேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
பையைத் துழாவி எடுத்து நீட்டினான்.

வாங்கிக்கொண்டேன்.