வெளி நங்கூரம்

முட்டைக்கோஸ் நாற்பது மூட்டை, வெங்காயம் பன்னிரண்டு,
எலுமிச்சை ஒரு பெட்டி என்று நான் எண்ண,
தாண்டவராயன் சுக்கான் பிடித்தான்.
புளஃப் மேட்டுத் திமிங்கில ஆலையின் நாற்றம்
பாதிக் கடல்வரை கூடவே வந்துவிட்டு
திரும்பிப் போயிற்று.

அந்தக் கப்பலை டர்பன் உள்ளே விடவில்லை.
குண்டு சுமக்கும் கப்பல்.
போர் முடிந்த பிறகு கட்டியதாம்,
அடுத்ததற்காக.
கம்பத்தில் சிவப்புக் கொடி ஒன்று
மாரியம்மன் சேலைபோல் படபடத்தது.

ஏணியடியில் தகரப் பெட்டியை நீட்டினான் ஒரு மாலுமி:
தீப்பெட்டி, லைட்டர், ஆணி அடித்த செருப்பு.
என் பாதி சிகரெட்டைப் போட்டேன்.
தாண்டவராயன் மடியை அவிழ்த்தான்.
காகிதத்தில் ஐந்து கட்டிக் கற்பூரம்.
மாலுமி முகர்ந்தான், விலகினான், மேலே கத்தினான்.
அதிகாரி வந்து முகர்ந்தார்.
இது வெடிக்குமா?
"வெடிக்காது சார். எரியும். சாம்பல்கூட மிஞ்சாது."
தெரிந்த இங்கிலீஷில் இவன் ஆறுதல் சொன்னான்.
அவர் இன்னும் பயந்துபோனார்.

ஈஸ்டர் வெள்ளி இவனுக்குத் தீமிதி.
மணிக்கட்டில் காப்பு.

மூட்டை ஏற்றுகையில் திறந்த கதவொன்றில் பார்த்தேன்.
தொட்டில் பிள்ளைகள் போல, என்று சொல்ல வாய் வந்தது.
இல்லை.
குண்டுகள் குண்டுகளாகத்தான் கிடந்தன,
சாம்பல் பூச்சு,
மூக்கடியில் மஞ்சள் வளையம்.
சமையல்காரன் சொன்னான்:
ஒரே வார்ப்பில் அக்கா தங்கை ஐந்து கப்பல்,
ஐந்துக்கும் எரிமலைப் பேர்,
எதிலும் பீடி பற்றவைக்க இடமில்லை.

நாங்கள் குடியிருப்பது மகசீன் பேரக்ஸ்.
எந்தக் காலத்து மருந்துக் கிடங்கின் பேரோ அது.
மருந்து போய்விட்டது, பேரும் நாங்களும் மிச்சம்.
போன மாதம் அளவுச் சங்கிலியோடு வந்தார்கள்.
நகரத்துக்கு வெளியே,
மலைச்சரிவில், வரிசை வீடுகளாம்.
எவ்வளவு தூரம் என்று அப்பா கேட்டார்.
போதுமான தூரம் என்றார்கள்.

மூட்டை முப்பத்தொன்பது என்று அவர்கள்,
நாற்பது என்று நான்.
கடைசியில் முப்பத்தொன்பதுக்குக் கையெழுத்து.

இறங்கும்போது தகரப் பெட்டி திரும்பி வந்தது.
கற்பூரம் மட்டும் ஒரு வாளித் தண்ணீரில்.
மிதந்துகொண்டிருந்தது, ஐந்தும்.
தாண்டவராயன் ஒவ்வொன்றாய் அள்ளி
சட்டையில் துடைத்து
இஞ்சின் மூடிமேல் காயவைத்தான்.
"நனைஞ்சது பத்துமா?"
"தண்ணியிலயே பத்தும்டா அது."

சூட்டில் அது கரைந்து காற்றாகிக்கொண்டிருந்தது.
புளஃப் நாற்றம் எதிர்கொள்ள வந்தபோதும்
படகுக்குள் கோயில் வாசம்.
கரை தட்டியபோது பார்த்தோம்,
ஐந்துதான்,
ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகமளவு.