எண் 614, வாடகைக்கு

பார்த்து வாருங்கள், புல்லுக்குள் தண்டவாளம் கிடக்கிறது.
மற்றதையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.
இந்தப் பத்தடி மட்டும்
எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

குன்று என்றா நினைத்தீர்கள்?
நெப்ராஸ்காவின் இந்த மூலையில்
கடவுள் ஒரு குன்றும் வைக்கவில்லை.
எண்ணூறு சொச்சம், அத்தனையும் ராணுவம் குவித்தது.
உள்ளே கான்கிரீட் வளைவு, அதன்மேல் இரண்டடி மண்,
மண்ணின்மேல் புல்.
வெடித்தால் வானத்தைப் பார்த்து வெடிக்க வேண்டும்,
அடுத்த கிடங்கைத் தொடக்கூடாது.
இதன் கட்டடக்கலை அவ்வளவுதான்.

முன்பு கோதுமை.
ட்ரெப்டோ குடும்பம், ஹாவ்லிசெக் குடும்பம்,
இன்னும் முப்பது வீடு.
நாற்பத்திரண்டு மார்ச்சில் கடிதம் வந்தது:
ஒரு மாதத்துக்குள் காலி செய்க.
பயிர் கணுக்கால் உயரம்.
அறுக்கும்வரை பொறுங்கள் என்று கேட்டார் எமில் ட்ரெப்டோ.
அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
போரடிக்க வேண்டிய நிலத்தில்
போர் வந்து இறங்கியது.

ஆண்கள் கப்பலேறிப் போனார்கள்.
பெண்கள் வந்தார்கள், சர்க்கரைக்கிழங்கு வயல்களிலிருந்து,
தபால் நிலையத்திலிருந்து, பள்ளிக்கூடத்திலிருந்து.
கொண்டை ஊசி கூடாது. மோதிரம் கூடாது.
ஆணி அடித்த செருப்பு கூடவே கூடாது.
தீப்பெட்டி வைத்திருந்த ஒருத்தியை
அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

லூட்மிலா ஹாவ்லிசெக்குக்குப் பத்தொன்பது வயது.
தன் வீட்டுக் கோழிக்கூண்டு இருந்த இடத்தில் நின்று
பீரங்கிக் குண்டு எண்ணினாள்.
ஆமாம், இதே இடம்.
மணிக்கு அறுபத்திரண்டு சென்ட்.
ஒருநாள் காகிதம் கிடைக்காமல்
ஒரு பெட்டி மூடியின் உட்புறம் பென்சிலால் எழுதினாள்:
ஈஸ்ட். பழுப்பு நூல்.
ரயில் ஆறு பத்துக்கு, அழக்கூடாது.
எழுதி முடிக்குமுன் மேஸ்திரி வந்தான்.
மூடி மூடப்பட்டது, ஆணி இறங்கியது,
பெட்டி போயிற்று.

பெட்டிகள் எந்த ஊரில் இறங்கின என்று
அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.
சம்பளம் வெள்ளிக்கிழமைதோறும் வந்தது.

அறுபத்தாறில் கிடங்கை மூட உத்தரவு.
பழைய சரக்கைக் குழியில் போட்டு வெடிக்கும் வேலை.
நான் அப்போது லாரி ஓட்டினேன், அவள் கணக்குப் பார்த்தாள்.
சில பெட்டிகள் இரண்டு கடல் தாண்டி
பிரிக்கப்படாமலே திரும்பி வந்திருந்தன.
ஒன்றை நெம்பினேன்.
மூடியைக் கையில் வாங்கியவள்
வெகுநேரம் திருப்பித் தரவில்லை.

ஆறு பத்து ரயிலில் போனது யார் என்று கேட்டேன்.
சின்னப் பையன், கேட்டுவிட்டேன்.
"அன்றைக்கு ஈஸ்ட் வாங்க மறந்துபோனேன்" என்றாள்.

குண்டுகள் குழிக்குப் போயின.
நான்கு நாள் வானம் பழுப்பு.
மூடி மட்டும் அவள் கோட்டுக்குள் போயிற்று,
விதிப்படி அது திருட்டு.
பிறகு அவள் சமையலறையில் அலமாரித் தட்டாக இருந்ததைப் பார்த்தேன்,
எழுத்துள்ள பக்கம் கீழே.

எழுபதில் நிலம் ஏலத்துக்கு வந்தது.
எமிலின் மகன் வந்திருந்தான், முன்வரிசையில்,
கடைசிவரை கை தூக்கவில்லை.
டென்வர்க்காரர் ஒருவர் மொத்தமாக எடுத்தார்.
எனக்குச் சம்பளம் அவர்தான் தருகிறார்.

அதன்பின் இதில் படகு வைத்திருந்தார் ஒருவர்,
இங்கிருந்து கடல் ஆயிரம் மைல்.
உலகம் முடியப்போகிறது என்று
ஒரு சபையார் தக்காளி டப்பா அடுக்கினார்கள்.
பத்து வருடம் பார்த்துவிட்டுத்
தாங்களே தின்றார்கள்.

நீங்கள் என்ன வைப்பீர்கள்? தேனா?
தேன் இருக்கும். கோடையிலும் உள்ளே குளிர்தான்.
ஒருமுறை கை தட்டுங்கள்...
எண்ணினீர்களா? எனக்கு ஒன்பது வந்தது.

பின்பக்கம் லைலாக் புதர், யாரும் வைத்ததல்ல.
புல்டோசர் புரட்டியும் வேர் விடவில்லை,
மே மாதம் கதவு வரைக்கும் மணக்கும்.
வெட்டிக்கொள்ளுங்கள், பறித்துக்கொள்ளுங்கள்,
தோண்ட மட்டும் கூடாது.
பத்திரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது
அது ஒன்றுதான்.

இந்தாருங்கள் சாவி.
கதவைச் சற்றுத் தூக்கி இடப்பக்கம் இழுங்கள்.
இல்லை, இன்னும் தூக்க வேண்டும்.