மூக்கு இருக்கும் இடம்

கடைசி நோயாளி ஏழரைக்குப் போனார்.
குன்னூர் மழை கண்ணாடியில் இன்னும் முடியவில்லை.
இரண்டு வெள்ளை வாளிகளோடு வந்தாள் செலஸ்டின் மச்சாது.
ஊட்டிக் கல்லூரியில் விலங்கியல், பிறந்தது தருவைகுளம்.
வனத்துறைக் கடிதம் பிளாஸ்டிக் உறைக்குள்.
பர்லியாரில் தொடங்கி ஒவ்வொரு வளைவிலும்
ஃபார்மலின் வாடைக்காகக் கண்டக்டரோடு சண்டையாம்.

ஒரு வாளியில் பிறக்காதது, என் கையளவு;
வலையில் செத்த தாயின் வயிற்றிலிருந்து எடுத்தது.
மற்றதில், நான்கு நாள் நீந்தியதன்
தலை மட்டும்.

"டால்பினை எங்க கரையில ஓங்கில்னு சொல்வோம், ஹாலன்."
ஓங்கல் என்றால் மலை என்று பள்ளியில் படித்தவன் நான்.
ஒரு கொம்பு வித்தியாசத்தில்
எதிரெதிரே நின்றோம், வாளி நடுவில்.

கணினி பெயர் கேட்டது. வயது கேட்டது.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
பெயர்: ஓங்கில். வயது: 0.
அனுப்பிய மருத்துவர்: கடல்
என்று அடித்து, அழித்தேன்.

பகலெல்லாம் வயிற்றுக்குள் தலை அளப்பவன்.
அந்தக் குனிவு எனக்குத் தெரியும்:
திட்டு வாங்கிய பிள்ளைபோல் மோவாய் மார்பில் குத்தி.
மூக்கும் நம்மைப்போல் முகத்து நுனியில்,
இரண்டு துளை, முன்பார்த்து.
"இனிமேத்தான் கிளம்பும்."
"எங்க?"
"மேல."

ஆணா பெண்ணா என்று கேட்டாள்.
பழக்கத்தில் சுவர்ப் பலகையைக் காட்டினேன்:
இங்கே அதைச் சொல்வது குற்றம்.
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

இரண்டாவது தலை உள்ளே போனது.
மேல்தாடை எலும்பு பின்னால் நழுவி
நெற்றி எலும்பின்மேல் ஏறியிருந்தது,
காற்றில் தகரம்மேல் தகரம் ஏறிய கூரைபோல்.
மூக்கு உச்சிக்குப் போய்விட்டது.
எலும்பில் இரண்டு வழி, தோலில் ஒரே வாய்.

நடுக்கோடு இடப்பக்கம் கோணியிருந்தது.
நான் கிடத்தியதில் பிழையென்று மறுபடி எடுத்தேன்.
மூன்றாம் முறையும்.
"நீங்க நேராத்தான் வச்சீங்க," என்றாள்,
"அது கோணித்தான் வளரும்."

காதெலும்பு மட்டும் இப்போதே
கிட்டத்தட்ட முழு அளவு.
பல்லெல்லாம் ஈறுக்குள்.
நாக்கோரம் குஞ்சம், கடலுக்குள் பால் சிந்தாதிருக்க.
மேலுதட்டில் முடி இரண்டு;
மற்றவை உதிர்ந்த குழிகளை ஊசிமுனையால் தொட்டுக் காட்டினாள்.
நெற்றியில் கொழுப்பு உருண்டை, மங்கலாக.
வயது ஏற ஏறத்தான் அந்தக் கொழுப்பு மாறி
குரலைக் குவிக்கும் வில்லையாகுமாம்.
நான்கு நாளில் என்ன குவித்திருக்கும்,
அம்மா எந்தப் பக்கம் என்பதைத் தவிர?

மழை விட்டதும் சன்னலைத் திறந்தேன்.
தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், வாடும் தேயிலையின் பச்சை மணம்.
வாசனைக்கு ஒரு நரம்பு
இதற்கும் கருவில் முளைக்கத் தொடங்கும்,
பாதியில் கரைந்துவிடும் என்றாள்,
வாளிமூடியை டேப் சுற்றிக்கொண்டே.

ஞாயிறன்று டால்பின் நோஸ் போனேன்.
பாறை நுனியில் ஒரு கல்யாணக் கூட்டம்,
மூக்குமேல் நிற்பதாக நினைத்துப் படம் எடுத்தது.
அது மூக்கில்லை, உதடு.
சொல்லவில்லை.
உதட்டிலிருந்து திரும்பி நடந்தேன், எண்ணிக்கொண்டு,
தாடை நழுவிய வழியே, நெற்றி தாண்டி,
கொஞ்சம் இடப்பக்கமாக.

அங்கே பெள்ளியம்மாளின் சோள வண்டி.
மூடியைத் தூக்கினாள்.
ஒரே மூச்சில் ஆவி மேலே போய்
மஞ்சில் சேர்ந்தது.
"முப்பது ரூபா," என்றாள். "உப்புப் போடவா?"

திங்கள் காலை கணினியைத் திறந்தால்
பட்டியலின் தலையில் இன்னும் அந்தப் பெயர்.
வயது 0.
அறிக்கை நிலுவையில்.